ரிமோட் தொலைந்த புல்டோசர்

டிஸ்கி: கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது. நடுவில் 0, 1 என்று எண்கள் வரும். யாரும் தெறித்து ஓட வேண்டாம், ஒன்று இரண்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

லெகோ என்று சொன்னால் எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது, சின்னப் பிள்ளைகள் வீடு கட்டி விளையாடும் கலர் கட்டைகள். மீதிப் பேருக்கு, இருட்டில் மிதித்தால் உயிர் போகும் வஸ்து. இரண்டும் உண்மைதான். ஆனால் அதே கட்டைகளோடு மோட்டார் உண்டு, கியர் உண்டு, காரில் இருப்பது போல டிஃபரன்ஷியல் உண்டு, எல்லாவற்றையும் ரிமோட்டில் ஓட்டலாம் என்று சொன்னால் "அது வேற ஏதாவது பொம்மையா இருக்கும்டா" என்கிறார்கள். வேறு இல்லை. அதே கம்பெனி, அதே 8 மில்லிமீட்டர் கணக்கு.

அந்த 8 மில்லிமீட்டரை முதலில் சொல்லிவிடுகிறேன். லெகோ கட்டையின் தலையில் இருக்கும் ஒரு குமிழிலிருந்து அடுத்த குமிழுக்கு 8 மில்லிமீட்டர். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் மரப்பொம்மை செய்ய ஆரம்பித்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறி, 1958-இல் இன்றைய கட்டைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். அந்த 1958 கட்டையை இன்றைக்குக் கடையில் வாங்கிய கட்டையின் மேல் வைத்து அழுத்தினால் 'டக்'கென்று பிடித்துக்கொள்ளும். இதை மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1966-இல் 4.5 வோல்ட் மோட்டாரோடு ரயில் வந்தது. 1977-இல், பிற்பாடு 'டெக்னிக்' என்று பெயர் வாங்கிய வரிசை வந்தது: ஓட்டை போட்ட நீளக் கட்டைகள், அச்சுகள், கியர்கள். 2007-இல் 'பவர் ஃபங்ஷன்ஸ்' என்ற மோட்டார் குடும்பம். என் கதை இந்தக் கடைசிக் குடும்பத்தைப் பற்றியது.

ஜெர்மனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஊர் திரும்பிய சித்தப்பா வீட்டில் சாமான் ஒதுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அட்டைப்பெட்டி கிடைத்தது. 8275 என்ற எண் போட்ட மஞ்சள் புல்டோசர், 2007-இல் வந்தது, 1384 துண்டுகள். அதாவது ஒரு காலத்தில் 1384. பெட்டிக்குள் இருந்தது அதில் பாதி தேறினால் அதிகம். உள்ளே கொஞ்சம் மணல், இரண்டு ரப்பர் பேண்டு, ஒரு ஜெர்மன் பஸ் டிக்கெட். ஆனால் மோட்டார்கள் இருந்தன. பேட்டரிப் பெட்டி இருந்தது. ரிமோட்டின் பேச்சைக் கேட்கும் ரிசீவரும் இருந்தது. இல்லாதது ரிமோட் மட்டும்.

"ரிமோட் வீடு மாத்தும்போது எங்கேயோ போயிடுச்சுடா. அது இல்லாம இத வெச்சு என்ன பண்ணப் போற? பழைய பிளாஸ்டிக்காரருக்குப் போட்டுடலாம்" என்றார் சித்தப்பா.

"இருக்கட்டும் சித்தப்பா, நான் எடுத்துக்கிறேன்."

புது ரிமோட் வாங்கலாமே என்று கேட்பீர்கள். 2018-இல் 'பவர்டு அப்' என்ற அடுத்த தலைமுறை வந்ததும் பவர் ஃபங்ஷன்ஸைப் படிப்படியாக நிறுத்திவிட்டார்கள். பழசை விற்பவர்கள் வெளிநாட்டில்தான் இருக்கிறார்கள். தபால் செலவைப் பார்த்தால் ஒரு மாத மெஸ் பில் வருகிறது.

முதலில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. பேட்டரிப் பெட்டியில் ஆறு பென்சில் பேட்டரிகளைப் போட்டு, மோட்டார் வயரை நேராக அதன் தலையில் செருகினேன். பெட்டியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் மோட்டார் முன்னால் சுற்றும், மறுபக்கம் தள்ளினால் பின்னால். தள்ளினேன். இத்தனை வருடம் பெட்டியில் கிடந்த மோட்டார், நேற்றுத்தான் நிறுத்தியது மாதிரி சுற்றியது.

இந்த வயரைப் பற்றி ஒரு வரி. அதில் நான்கு கம்பிகள். வெளியே இருக்கும் இரண்டில் எப்போதும் 9 வோல்ட் ஓடும். உள்ளே இருக்கும் இரண்டும் மோட்டாருக்கானவை, அவற்றில் எந்தப் பக்கம் மின்சாரம் போகிறது என்பதைப் பொறுத்துத் திசை மாறும். ரிசீவரைப் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் செருகினால், வெளிக்கம்பிகளிலிருந்து தனக்கு உணவு எடுத்துக்கொண்டு, உள்கம்பிகளைத் தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளும். ஒரே மாதிரி செருகி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கலாம். எங்கள் லேபில் இருக்கும் எந்தக் கனெக்டரை விடவும் இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பாதித் துண்டுகளை வைத்துப் புல்டோசர் கட்ட முடியாது. ஆனால் அதன் சங்கிலிப் பட்டைகள் முழுசாக இருந்தன. பட்டை இருந்தால் டாங்கி மாதிரி ஒரு வண்டி செய்யலாம். லட்சியம்: சித்தப்பா வீட்டு ஹாலிலிருந்து கூடத்துக்குப் போகும் நிலைப்படியை ஏறித் தாண்ட வேண்டும்.

இங்கேதான் கியர் கணக்கு வருகிறது. பெட்டியிலிருந்த பெரிய மோட்டாருக்கு எக்ஸ்எல் என்று பெயர். சுமை இல்லாமல் 9 வோல்ட்டில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 220 சுற்று. எம் என்ற சின்ன மோட்டார் ஏறக்குறைய 400 சுற்று, ஆனால் வலு மிகக் குறைவு. படி ஏற எக்ஸ்எல்தான் சரி. 220 சுற்றை அப்படியே பட்டைக்குக் கொடுத்தால் வண்டி வேகமாகப் போகும், படியில் முட்டி நிற்கும். எனவே 12 பல் கியரை மோட்டாரிலும் 20 பல் கியரைப் பட்டையின் அச்சிலும் போட்டேன். 220 சுற்று 132 ஆகக் குறையும், இழுவை அதே விகிதத்தில் கூடும். (உராய்வில் போவது போக.)

லெகோ கியர்களில் ஓர் அழகு இருக்கிறது. பல் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் அதுவே மில்லிமீட்டரில் ஆரம். 8 பல் கியருக்கு 4, 24 பல்லுக்கு 12. இரண்டும் சேர்ந்தால் 16, அதாவது சரியாக இரண்டு ஓட்டை தூரம். 8-உம் 40-உம் சேர்ந்தால் 24, மூன்று ஓட்டை. 12-உம் 20-உம் மறுபடி 16. யாரோ ஒருவர் உட்கார்ந்து நிதானமாக யோசித்திருக்கிறார். 16 பல்லையும் 24 பல்லையும் மட்டும் சேர்த்துப் பாருங்கள், 20 வரும், இரண்டரை ஓட்டை. அந்த ஜோடியைச் சேர்க்க அரை ஓட்டை தள்ளி வைக்கும் தந்திரம் வேண்டும். எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒரு ஜோடி உண்டு போல :-)

முதல் வண்டி தரையில் ஓடியது, படியில் முட்டியதும் 'தட் தட் தட்' என்று சத்தம் போட்டது. லெகோ மோட்டார் வைத்துக் கட்டியவர்கள் எல்லோருக்கும் இந்தச் சத்தம் தெரியும். சுமை ஏறும்போது கியர்கள் இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளி விலக்கப் பார்க்கின்றன. அச்சைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் அரை மில்லிமீட்டர் வளைந்து கொடுத்தால் போதும், பல் ஒன்று நழுவி அடுத்த பல்லில் விழும். மோட்டாருக்கு வலு போதவில்லை என்று தோன்றும். உண்மையில் வலு அதிகம், சட்டம்தான் இளக்கம். கியருக்கு இரண்டு பக்கமும் ஒரே துண்டுக் கட்டையைப் போட்டு, இரண்டு அச்சும் அதன் வழியாகவே போகும்படி செய்தால் விலக வழி இருக்காது. அதற்குக் குறுக்கே இன்னொன்று, மூலைகளில் பின்கள். வண்டியின் மொத்தத் துண்டுகளில் ஓட வைப்பவை பத்தில் ஒரு பங்கு என்றால், மற்றதெல்லாம் விலகாமல் பிடித்துக்கொள்பவை.

அடுத்து எடை. வண்டியிலேயே கனமான பொருள் பேட்டரிப் பெட்டி. அது பின்னால் இருந்தபோது முன்பக்கம் படியில் ஏறியதும் வண்டி மல்லாந்தது. முன்னால் நகர்த்தியதும் மூக்கைத் தரையில் அழுத்திக்கொண்டு மெதுவாக ஏறியது. இதுவரை எல்லாச் சோதனையும் பேட்டரிப் பெட்டி சுவிட்சைக் கையால் தள்ளித்தான். நேராகப் போகும், நேராகத் திரும்பி வரும். திரும்பத் தெரியாத வண்டி. "ஒரு நீள வயரு இழுத்து விட்டுட வேண்டியதுதானே" என்றார் சித்தப்பா. அதற்கு மனசு வரவில்லை.

இனி ரிமோட். பவர் ஃபங்ஷன்ஸ் பேசுவது அகச்சிவப்பு ஒளியில், நம் வீட்டு டிவி ரிமோட் மாதிரியே. அப்படியென்றால் டிவி ரிமோட்டைக் காட்டி அமுக்கினால்? ஒன்றும் ஆகாது. (ஆமாம், அமுக்கிப் பார்த்தேன். யார்தான் பார்க்க மாட்டார்கள்?) ஒளி ஒன்றுதான், மொழி வேறு. தனக்குப் புரியாததை ரிசீவர் கண்டுகொள்ளாது.

அந்த மொழி என்ன என்று தெரிந்தால் ரிமோட்டை நாமே செய்துவிடலாம். இந்த மாதிரி இடத்தில் வழக்கமாக என்ன நடக்கும்? யாராவது ஒரு புண்ணியவான் அசல் ரிமோட்டைப் பிரித்து, அலைக்காட்டியில் வைத்து, ராத்திரி பகலாக உட்கார்ந்து கண்டுபிடித்திருப்பார். இங்கே அதற்குத் தேவையே இருக்கவில்லை. லெகோ கம்பெனியே அதை ஓர் ஆவணமாக எழுதி வெளியிட்டிருக்கிறது. எத்தனை மைக்ரோ விநாடி ஒளி, எத்தனை மைக்ரோ விநாடி இருட்டு, எந்த பிட்டுக்கு என்ன அர்த்தம், எல்லாம். பொம்மைக் கம்பெனியின் ஆவணம் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் லேப் மேனுவல் எழுதியவர்கள் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம்.

மொழி இப்படி. விநாடிக்கு 38,000 தடவை மின்னும் ஒளிக்கீற்று, சுமார் 158 மைக்ரோ விநாடிக்கு. அதற்குப் பின் இருட்டு. இருட்டு 263 மைக்ரோ விநாடி நீடித்தால் அது 0. 553 நீடித்தால் 1. 1026 நீடித்தால் "கவனி, ஆரம்பிக்கிறேன்" அல்லது "முடித்துவிட்டேன்". கீற்று எல்லாவற்றுக்கும் ஒரே நீளம். அர்த்தம் முழுக்க மௌனத்தின் நீளத்தில்தான் இருக்கிறது. சில வீடுகளில் மனிதர்கள் பேசிக்கொள்வதும் இப்படித்தான்.

ஒரு செய்திக்கு 16 பிட், நான்கு நான்காகப் பிரித்த நான்கு துண்டு. இரண்டு மோட்டாரையும் ஒரே செய்தியில் ஓட்டும் முறையில், முதல் துண்டில் அந்த முறைக்கான அடையாளமும் சேனல் எண்ணும். நான்கு சேனல்கள் உண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு மோட்டார், ஆக ஒரே அறையில் எட்டு மோட்டார் ஓட்டலாம். இரண்டாவது துண்டு ஒரு மோட்டாரின் வேகம், மூன்றாவது துண்டு இன்னொன்றின் வேகம். நான்கு பிட்டில் 16 எண்கள் எழுதலாம் அல்லவா? முன்னால் ஏழு வேகம், பின்னால் ஏழு வேகம், மீதி இரண்டு. ஒன்று 'விட்டுவிடு', இன்னொன்று 'பிரேக் பிடி'. ஒன்றுகூட வீணாகவில்லை.

நான்காவது துண்டு சரிபார்ப்பு. 1111-ஐயும் முதல் மூன்று துண்டுகளையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஒவ்வொரு பத்தியிலும் 1-கள் ஒற்றைப்படையாக இருந்தால் 1, இரட்டைப்படையாக இருந்தால் 0. முதல் சேனலில் இரண்டு மோட்டாரும் முழு வேகத்தில் முன்னால் போக: 0100, 0111, 0111. சரிபார்ப்பு 1011. கையால் போட்டுப் பாருங்கள், வரும். வழியில் ஒரு பிட் கெட்டுப்போனால் கணக்கு இடிக்கும், ரிசீவர் அந்தச் செய்தியைத் தூக்கிப் போட்டுவிடும். டிவி ரிமோட்டை அது மதிக்காததன் ரகசியம் இதெல்லாம்தான்.

அசல் ரிமோட் ஒரே செய்தியை ஐந்து தடவை சொல்லும். இரண்டு பேர் வேறு வேறு சேனலில் ஒரே நேரத்தில் அமுக்கினால் ஒளியும் ஒளியும் மோதிக் குழம்பும். ஆகையால் ஐந்து தடவைக்கும் நடுவில் விடும் இடைவெளி சேனலுக்குச் சேனல் வேறாக வைத்திருக்கிறார்கள். முதல் தடவை மோதினாலும் அடுத்த தடவை விலகிவிடும். படித்துவிட்டு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கைவசம் ஓர் ஆர்டுயினோ நானோ இருந்தது, போன செமஸ்டர் மினி புராஜெக்டின் மிச்சம். அகச்சிவப்பு எல்இடி ஒன்று, அதற்கு வேண்டிய மின்சாரத்தை நானோவின் கால் நேரடியாகக் கொடுக்காது என்பதால் நடுவில் ஒரு டிரான்சிஸ்டர், இரண்டு ரெசிஸ்டர், இரண்டு ஜாய்ஸ்டிக். மொத்தச் செலவு ஒரு சினிமா டிக்கெட்டுக்குள் அடங்கியது. இதற்கென்றே எழுதி வைத்த ஆயத்த நிரல்கள் இணையத்தில் கிடைக்கின்றன. நான் எடுக்கவில்லை. ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் பிட்டிலிருந்து எழுதும் ருசிக்காகத்தானே இவ்வளவும்.

அகச்சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. எல்இடி எரிகிறதா என்று பார்க்க மொபைல் கேமராவைக் காட்டினால், பல மொபைல்களில் மங்கலான ஊதாவாகத் தெரியும். தெரிந்தது. ரிசீவரைத் தரையில் வைத்து, மோட்டாரைச் செருகி, ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினேன்.

சுற்றியது.

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். "இது நம்ம புல்டோசர் மோட்டாரா?" என்று கேட்டார். 'நம்ம' என்று அவர் சொன்னதைக் கவனித்தேன். பழைய பிளாஸ்டிக்காரர் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

இடது பட்டைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், வலது பட்டைக்கு ஒன்று. இரண்டையும் முன்னால் தள்ளினால் நேராகப் போகும். ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுற்றும். மோட்டார்கள் எதிரெதிராக மாட்டியிருப்பதால் ஒன்றுக்குத் திசையைத் தலைகீழாக்க வேண்டும். அசல் ரிமோட்டில் அதற்கென்று குட்டி சுவிட்ச் உண்டு, என்னுடையதில் ஒரு கழித்தல் குறி. ஜாய்ஸ்டிக்கைத் தொடாமல் விட்டாலும் அது சரியாக நடு எண்ணைக் காட்டாது. நடுவில் கொஞ்ச இடத்தைச் 'சும்மா இரு' என்று ஒதுக்கவில்லை என்றால் வண்டி தானாக ஊர்ந்துகொண்டே இருக்கும்.

பிரேக்குக்கும் 'விட்டுவிடு'வுக்கும் உள்ள வித்தியாசம் சரிவில் தெரிந்தது. புத்தகங்களை அடுக்கி மேலே பலகை போட்டு ஏற்றிவிட்டு, பாதியில் 'விட்டுவிடு' என்றால் வண்டி மெல்லப் பின்னால் வழுக்கும். 'பிரேக்' என்றால் மோட்டாரின் இரண்டு முனையும் சேர்த்துப் பிடிக்கப்படுகிறது, சுற்றப் பார்க்கும் மோட்டார் தன்னைத்தானே தடுத்துக்கொள்கிறது. கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும்.

நான் விடை தேடிக்கொண்டிருந்த ஒரு கேள்விக்குத் தங்கச்சி (சித்தப்பா மகள், வயது ஒன்பது) பதில் சொன்னாள். வண்டி நம்மைப் பார்த்து வரும்போது அதன் இடது நமக்கு வலது. தூரத்திலிருந்து ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இருக்கும் தலைவலி இது. எங்கே திரும்ப நினைக்கிறோமோ அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும். இதற்கு நிரலில் ஏதாவது செய்யலாமா, ஒரு பொத்தான் வைத்து இடம் வலம் மாற்றலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் ரிமோட்டை வாங்கிக்கொண்டு போய் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வண்டி திரும்பினால் அவளும் திரும்பினாள். "அண்ணா, நீ ஏன் எப்பவும் எதிர்ல நின்னுட்டு ஓட்டுற?"

ஹாலிலிருந்து கூடத்துக்குப் போகும் நிலைப்படியை முதன்முதலில் தாண்டியது அவள் ஓட்டும்போதுதான். பாட்டி கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பெருச்சாளி மாதிரி வருதே" என்று காலை மேலே தூக்கிக்கொண்டார்.

வாசலில்தான் சிக்கல். மத்தியான வெயிலில் வண்டி காது கேட்காததாகிவிடும். சூரிய ஒளியிலேயே அகச்சிவப்பு கொட்டிக் கிடக்கிறது, அதன் நடுவில் ஒரு குட்டி எல்இடியின் முணுமுணுப்பு எங்கே கேட்கப் போகிறது. வீட்டுக்குள்ளே நேர்மாறு. சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வருவதால் முதுகைக் காட்டிக்கொண்டு அமுக்கினாலும் கேட்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாசலிலும் சமர்த்தாக ஓடுகிறது.

நல்ல வேளையாக இந்த முறையில் ஒரு பாதுகாப்பு உண்டு. வண்டிக்குச் செய்தி வருவது நின்றுபோனால், கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்காது. கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். ஆகவே ஜாய்ஸ்டிக்கைப் பிடித்திருக்கும் வரை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது அந்த 1958 கட்டைக்கு வருகிறேன்.

கட்டைக்கு ஆயுள் கெட்டி. மோட்டாருக்கும் கெட்டி என்று என் பெட்டி சொல்கிறது. நடுவில் அறுந்துபோவது நம் கைக்கும் மோட்டாருக்கும் இடையில் இருக்கிற பேச்சுதான். லெகோவின் சரித்திரத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. 1998-இல் 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' என்ற ரோபோ வரிசை வந்தது. எம்ஐடி மீடியா லேபின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்தது. பெயர் சீமோர் பேப்பர்ட் 1980-இல் எழுதிய புத்தகத்தின் பெயர். அதன் மூளை ஆர்சிஎக்ஸ் என்ற மஞ்சள் பெட்டி. கம்ப்யூட்டரோடு செருகிய ஒரு குட்டிக் கோபுரம் வழியாக, அகச்சிவப்பில்தான் அதற்கு நிரல் ஏற்ற வேண்டும். பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் அதன் அடிப்படை மென்பொருளே மறந்துபோகும், மறுபடி கோபுரம் வழியாக ஏற்ற வேண்டும். பிறகு யுஎஸ்பி கோபுரம் வந்தது. அதற்கு 64 பிட் விண்டோஸ் டிரைவர் கம்பெனியிடமிருந்து வரவே இல்லை. பெட்டி நன்றாக இருக்கிறது, கம்ப்யூட்டர் நன்றாக இருக்கிறது, நடுவில் பேச்சு இல்லை.

ஆனாலும் அது சாகவில்லை. வந்த வருடமே ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த கெகோவா பிரவுட்ஃபுட் என்ற மாணவர் ஆர்சிஎக்ஸின் உள்மொழியைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வைத்தார். அதைப் பிடித்துக்கொண்டு டேவ் பாம் என்பவர் என்க்யூசி என்ற நிரல்மொழியையும், மார்குஸ் நோகா என்பவர் லெக்ஓஎஸ் என்ற இயங்குதளத்தையும் எழுதினார்கள். கம்பெனி கொஞ்சம் தயங்கிவிட்டு, வழக்குக்குப் போகாமல் அனுமதித்துவிட்டது. லினக்ஸ் கெர்னலுக்குள் அந்த யுஎஸ்பி கோபுரத்துக்கு டிரைவர் சேர்ந்தது. அதனால்தான் இன்றைக்கும் ஒருவர் பரணிலிருந்து மஞ்சள் பெட்டியை இறக்கி ஓட்ட முடிகிறது. மைண்ட்ஸ்டார்ம்ஸ் வரிசையையே 2022 முடிவோடு நிறுத்திவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

2019-இல் லீபெர் ஆர் 9800 என்ற ராட்சச எக்ஸ்கவேட்டர் வந்தது. 4108 துண்டு, ஏழு மோட்டார், இரண்டு புளூடூத் பெட்டி. படத்தைப் பார்த்தாலே வாய் ஊறும். பெட்டிக்குள் ரிமோட் கிடையாது, மொபைல் செயலியில்தான் ஓட்ட வேண்டும். புளூடூத்தில் வசதி நிறைய. வெயில் தொந்தரவு இல்லை, நடுவில் நாற்காலி இருந்தாலும் கேட்கும், மோட்டார் எத்தனை டிகிரி சுற்றியது என்று அதுவே திருப்பிச் சொல்லும். என் வண்டிக்குக் காது மட்டும்தான், வாய் இல்லை. இருந்தாலும் எனக்கு நெருடுகிறது. மொபைல் செயலிக்கு எத்தனை வருட ஆயுள்? 4108 துண்டும் அறுபது வருடம் இருக்கும், அதை அசைக்கிற செயலி அடுத்தடுத்த மொபைல்களில் ஓட யாராவது ஒருவர் ஒவ்வொரு வருடமும் சம்பளம் வாங்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

இதற்காகக் கம்பெனியைத் திட்டவும் மனசு வரவில்லை. அந்தப் புளூடூத் பேச்சையும் அவர்களே ஆவணமாக எழுதி கிட்ஹப்பில் வெளியிட்டார்கள். அதை வைத்துத்தான் வெளியாட்கள் வேறு செயலிகள் எழுதினார்கள். பைபிரிக்ஸ் என்ற திறந்த மென்பொருளை அந்தப் பெட்டிக்குள் ஏற்றினால், மொபைலே இல்லாமல், தனியாக விற்ற குட்டி ரிமோட்டால் ஓட்டலாம். எனவே என் கட்சி இதுதான்: செயலி இருக்கட்டும், கூடவே பெட்டிக்குள் ஒரு தாள் வேண்டும். 'இந்தப் பொம்மையோடு பேசுவது எப்படி' என்று. வாங்குகிறவர்களில் ஆயிரத்தில் ஒருவர்தான் படிப்பார். அந்த ஒருவர் பதினெட்டு வருடம் கழித்து, வேறு நாட்டில், வேறு வீட்டில் அதைப் படிக்கக் கூடும். பொம்மைக்கு மட்டும் ஏன், எங்கள் வீட்டு ஏசி ரிமோட்டுக்கும் கேட்பேன்.

சரி, வண்டிக்கு வருவோம். பேட்டரிச் செலவு தாங்காமல் ரீசார்ஜ் செல்லுக்கு மாறினேன். சாதாரண செல் 1.5 வோல்ட், ஆறுக்கு 9. ரீசார்ஜ் செல் 1.2, ஆறுக்கு 7.2. வேகம் குறைந்தது கண்ணுக்கே தெரிகிறது. ஆனால் சார்ஜ் தீரும் வரை ஏறக்குறைய அதே வலுவில் போகிறது, புது செல் மாதிரி முதலில் பாய்ந்து பிறகு சோர்வதில்லை. படி இப்போதும் ஏறுகிறது, மூச்சு வாங்கிக்கொண்டு.

ரிமோட் ரொம்ப நாள் பிரெட்போர்டில் வயர் பிதுங்கக் கிடந்தது. அதற்கு ஒரு பெட்டி வேண்டும் என்று 3டி பிரிண்ட் கடையில் விலை கேட்கப் போன நேரத்தில் தங்கச்சி மீதமிருந்த மஞ்சள் கட்டைகளில் ஒன்றைக் கட்டி வைத்திருந்தாள். ஜாய்ஸ்டிக் இரண்டும் வெளியே தலை நீட்ட ஓட்டை, முன்னால் எல்இடிக்கு ஒரு மூக்கு. நானோ அச்சாக உள்ளே உட்கார்ந்தது. யுஎஸ்பி செருக இடம் விட்டிருந்தாள், நான் சொல்லவே இல்லை.

இப்போது வண்டிக்குக் கை வேண்டும் என்கிறாள், கீழே கிடக்கிற பேனாவைத் தூக்க. இரண்டு எம் மோட்டார் சும்மாதான் இருக்கிறது. இரண்டாவது ரிசீவரும் இருக்கிறது, சேனல் இரண்டில் போட்டுக்கொள்ளலாம். கைக்கு வார்ம் கியர் போடலாம் என்று நினைக்கிறேன். வார்மோடு 24 பல் கியர் சேர்ந்தால் 24-க்கு 1, எம் மோட்டாரின் 400 சுற்று நிமிடத்துக்குப் பதினேழு ஆகிவிடும், தவிர மோட்டாரை நிறுத்தினாலும் சுமை கையைக் கீழே இழுக்க முடியாது. பெட்டியைத் துழாவியதில் வார்ம் ஒன்றுதான் கிடைத்திருக்கிறது. தோள் ஒன்று, விரல் ஒன்று என்று இரண்டு வேண்டும். யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், தபால் செலவு என்னுடையது.